முல்லர் என்ற பேர்

1971ஆம் ஆண்டு, யாழ்ப்பாணத் தீவுப்பகுதியில் மண்டைதீவு மாக்கிறேற்றுக்கும் நாரந்தனைச் சவிரிமுத்துவுக்கும் கலியாணம் பேசி முடித்திருந்தார்கள். கோயிலில் மூன்று ஞாயிறு பூசையில் மணமக்கள் பேர் சொல்லிக் கலியாண அறிவிப்பு வாசிப்பதுதான் மிச்சம். அதற்கு முன் ஒருநாள் சவிரிமுத்துவின் தாய்மாமன் பிலிப்பு, மாப்பிள்ளையையும் பங்குச் சுவாமியாரையும் அழைத்துக்கொண்டு பெண்வீட்டுக்கு வந்தார்.

"எல்லாம் சரி, கிறிஸ்தோப்பர். அந்த 'முல்லர்' எண்டதை மட்டும் அறிவிப்பில விட்டிடச் சொல்லும். சனத்துக்கு முன்னால கேக்க எங்களுக்கு வெக்கமாக்கிடக்கு. ஆரோ வெள்ளைக்காரச் சிப்பாய் எறிஞ்சிட்டுப் போன பேர்."

மாக்கிறேற்றின் தகப்பன் கிறிஸ்தோப்பர் முல்லர் கடலோடு மட்டும் மல்லுக்கட்டுகிறவர். ஒல்லாந்தரின் படையோடு ஊர்காவற்றுறைக் கடற்கோட்டைக்கு வந்த ஜெர்மன்காரன் ஒருவன் மண்டைதீவில் பெண் கட்டினான் என்பது அவர்கள் குடும்பக் கதை.

"எறிஞ்சிட்டுப் போகேல்லை. இங்கதான் இருந்து செத்தவர்" என்றார் மெல்ல.

சுவாமியார் சமாதானம் செய்யப் பார்த்தார். "அது கேவலமான பேரில்லை, பிலிப்பு. நான் ரோமாபுரியில படிக்கேக்கை என்னோட மூண்டு முல்லர் இருந்தவை. ஆளுக்காள் சொந்தமில்லை. மா அரைக்கிற ஆலைக்காரனை அப்பிடிச் சொல்லுறது. ஊருக்கு ஊர் ஆலை இருந்ததால ஊருக்கு ஊர் முல்லர். ஜெர்மனியில ஆகக் கூடின ஆக்களுக்கு இருக்கிற பேர் அதுதான்."

பிலிப்பு வாய்விட்டுச் சிரித்தார். "மா அரைக்கிறவனோ! சிப்பாயெண்டாலும் துரையின்ர பரம்பரை எண்டெல்லோ நினைச்சம்."

கிறிஸ்தோப்பர் தலையைக் குனிந்துகொண்டார். "சரி, விடுங்கோ. பேரில்லாமல் வாசிக்கட்டும்."

குசினி அடுப்படியில் நின்ற மாக்கிறேற்றுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. விறுக்கென்று முன்னுக்கு வந்தாள்.

"ஏன் விடவேணும், அப்பா? மா அரைச்சுச் சாப்பிட்டவன் களவெடுத்தவனோ? மாமா, உங்கட பிலிப்பு எண்ட பேர் மட்டும் நாரந்தனைப் பனையில காய்ச்சதோ? அதுவும் கப்பலில வந்ததுதானே!"

"பொம்பிளைப் பிள்ளைக்கு வாய் கூடிப்போச்சு" என்று பிலிப்பு எழும்பினார்.

மாக்கிறேற் சவிரிமுத்துவைப் பார்த்தாள். "நீங்கள் என்ன சொல்லுறியள்?"

அவன் மாமனைப் பார்த்தான். பிறகு நிலத்தைப் பார்த்தான். மாமன் வெளியேற, பின்னாலேயே போனான்.

தவக்காலம் முடிந்ததும் சவிரிமுத்து தனியாக வந்தான். முகம் வாடியிருந்தது. "மாக்கிறேற், வேற பங்குக் கோயிலில முழுப்பேரோட வாசிப்பம். சுவாமியோட கதைச்சிட்டன். மாமாவுக்குத் தெரியவராது."

அவன் வந்ததைக் கண்டு ஒரு கணம் இளகிய மனம் அந்தக் கடைசிச் சொல்லில் கல்லாயிற்று.

"தெரியாமலோ? நான் என்ன கடத்தல் சாமானே? நாளைக்குப் பிள்ளையளுக்கும் ஒளிச்சோ பேர் வைக்கிறது?"

"மாமாவை எதிர்த்துக் கதைக்க எனக்கு ஏலாது."

"அப்ப போங்கோ."

அவன் திண்ணையிலிருந்த அவளின் தகப்பனின் முகத்தைப் பார்த்தான். கிறிஸ்தோப்பர் அன்று குனிந்தது போலக் குனியவில்லை. எழுந்து போய் வேலிப் படலையைத் திறந்துவிட்டார்.

"அவள் சொன்னது கேட்டதுதானே, தம்பி. போயிட்டு வாரும்."

மாக்கிறேற் அன்றிரவு அழுதாள். ஆனால் ஆள் அனுப்பி அவனைக் கூப்பிடவில்லை.