ஐந்து கோடி இலக்கப் பகா எண்

ஆஸ்திரேலியாவின் பல்லாரட் நகரில் தபால்காரராக இருந்து ஓய்வுபெற்ற லயல், பெரிய பகா எண்களைத் தேடும் குழுவில் பதினோரு வருஷமாக இருந்தார். ஒரு எண்ணைச் சோதிக்க அவர் கணினிக்கு ஒரு மாதம் பிடிக்கும்; கடைசியில் ‘வகுபடும்’ என்று கையை விரித்துவிடும். ஒரு திங்கட்கிழமை காலை அது விரிக்கவில்லை. ஐந்து கோடி இலக்கம் கொண்ட எண், எதனாலும் வகுபடாமல் நின்றது. ஆனால் குழுவின் விதி கறார்: வேறு கணினிகள் சரிபார்க்கும்வரை, இரண்டு வாரம், யாரிடமும் மூச்சு விடக்கூடாது.

குப்பைத்தொட்டியை எடுக்கப் போனவரைப் பக்கத்து வீட்டு நோரீன் வேலியருகே பிடித்துக்கொண்டாள்.

“என்னய்யா லயல், மூஞ்சியில பல்பு எரியுது? லாட்டரி விழுந்துதா?”

“அதெல்லாம் ஒண்ணுமில்ல.”

“சொல்ல மாட்டியே! சரியான அமுக்குணி.”

ரகசியத்தைக் காப்பாற்றிவிட்ட பெருமையோடு லயல் உள்ளே போனார். அந்த இரண்டு வாரத்தில் அவரிடம் வாய்திறந்து எதையாவது கேட்ட ஆள் அவள் ஒருத்திதான்.