நேர்ந்துவிட்ட கிடா

மகன் வல்லரசுக்குப் போலீஸ் வேலை கிடைத்தால் முனியாண்டிக்கு வெட்டுவதாக விஜயபாண்டி நேர்ந்துவிட்ட செவலைக் கிடா அது. பையன் வேலைக்குச் சேர்ந்து, ராஜபாளையம் பட்டாலியனில் தொப்பையும் போட்டாயிற்று. கிடாவோ இன்னும் வன்னியம்பட்டியில் புதுமாப்பிள்ளை மாதிரித் திரிந்துகொண்டிருந்தது. நேர்ந்துவிட்ட ஆட்டைக் கட்டக் கூடாது, அடிக்கக் கூடாது. அது அந்தச் சனியனுக்கும் நன்றாகத் தெரியும்!

வெங்கடேஸ்வரிக்கு இருந்தது ஒரே ஒரு வெண்டைத் தோட்டம். புருஷன் போன பிறகு அதுதான் அவளுக்குச் சோறு. பூவும் பிஞ்சுமாக நின்றதில் பாதியைக் கிடா ஒரே காலையில் மொட்டையடித்துவிட்டுப் போயிருந்தது. அவள் நேரே விஜயபாண்டி வாசலில் போய் நின்றாள்.

“கிடாவக் கட்டுங்கண்ணே. இல்லன்னா வெட்டுங்க.”

“ஏட்டி, எங்கிட்ட ஏன் கத்துத? அது என் ஆடா? சாமி ஆடு. போயி சாமிட்ட கேளு,” என்றான், பல்லைக் குத்திக்கொண்டே. தெருவே சிரித்தது.

“கேக்கேன்,” என்றாள்.

வெள்ளிக்கிழமை முனியாண்டி கோயிலில் யாரோ கிடா வெட்டினார்கள். ஊரே கூடியிருந்தது. வெங்கடேஸ்வரி வெண்டைக்காயைக் காட்டிக் காட்டியே செவலையைக் கோயில்வரை கூட்டிவந்துவிட்டாள்.

“சாமி, உன் ஆடு வந்திருக்கு. எடுத்துக்கோ!”

விஜயபாண்டி வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தான். “பாதகத்தி! யாரக் கேட்டு என் ஆட்டப் பிடிச்ச?”

“ஒங்க ஆடா? அப்ப என் தோட்டத்துக்குப் பதில் சொல்லுங்க. எல்லாரும் கேட்டுக்கிடுங்கப்பா, இவிய ஆடாம்!”

விஜயபாண்டி ஓரடி பின்வாங்கினான். சாமிக்கு நேர்ந்ததை ஊர் நடுவே தன்னுடையது என்று சொல்ல எவனுக்குத் துணிச்சல் வரும்?

பூசாரி கருத்தையா மாலை போட்டு, கிடாவின் தலையில் மஞ்சள் தண்ணீர் ஊற்றினார். அது உடம்பைச் சிலுப்பினால்தான் சாமி சம்மதித்ததாகக் கணக்கு. சிலுப்பாவிட்டால் அரிவாளைத் தொட முடியாது. கிடா அசையவில்லை. மறுபடியும் ஊற்றினார். ஊஹூம்!

விஜயபாண்டி முகத்தில் உயிர் வந்தது. “பாத்தியாட்டி? சாமிக்கே வேண்டாமாம்!”

வெங்கடேஸ்வரி கிடாவையே முறைத்தாள். இது திரும்பிப் போனால் மிச்சமிருக்கும் செடியும் போச்சு. ‘சிலுப்பித் தொலையேன்’ என்று பல்லைக் கடித்தாள்.

விஜயபாண்டி கையை நீட்டினான். “வாடா செவல, வீட்டுக்குப் போவோம்.”

பழகிய குரல். கிடா அவன் பக்கம் தலையைத் திருப்பி, காதிலிருந்து வால்வரை ஈரம் தெறிக்க ஒரு சிலுப்புச் சிலுப்பியது.

பெண்கள் குலவையிட்டார்கள். “வேண்டாம், வேண்டாம்” என்று அவன் கத்தியது அந்தச் சத்தத்தில் யார் காதிலும் விழவில்லை. வெங்கடேஸ்வரி காதில் விழுந்தது. அவனைப் பார்த்துக்கொண்டே அவளும் சேர்ந்து குலவையிட்டாள்.