ஆறடி ஓரங்குலத்துக்கு ஒரு கூரை

பயணத்தில் தங்குவதற்காகப் பிக்கப் வண்டியின் சரக்குத் தொட்டியில் பொருத்துகிற மடக்கு அறைகளின் கூரை, உள்ளே இருப்பவர்கள் பேசுவதைப் பொறுத்துத்தான் உயரும். கைப்பிடியைச் சுற்றினால் உயர்வது, மோட்டாரில் உயர்வது என்றெல்லாம் வெளியூர்களில் உண்டாம். எங்கள் பக்கம் விற்பவை பேச்சில் உயர்கிறவை மட்டுமே. அதனால் அறை வாங்கப் போகிறவர்கள் தொட்டியின் நீள அகலத்தைக் குறித்துக்கொள்வதோடு, வீட்டில் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்பதையும் ஒரு வாரம் கவனித்துவிட்டுப் போவார்கள்.

நாங்களும் கவனித்தோம். அந்த வாரம் நானும் என் மனைவி மரகதவல்லியும் பேசியவை இவ்வளவுதான்: பால் வந்துவிட்டது, சாவி ஆணியில் இருக்கிறது, தண்ணீர் நிறைந்துவிட்டது மோட்டாரை நிறுத்து, இன்னும் கொஞ்சம் ரசம். கல்யாணமாகிப் பதினோரு வருடம். சண்டை கிடையாது. ஒருவர் முகத்தைப் பார்த்தே மற்றவருக்கு எல்லாம் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

மரகதவல்லி தென்காசியில் ஒரு பெண்கள் பள்ளியில் பி.டி. டீச்சர். கல்லூரியில் வாலிபால் ஆடியவள். உயரம் ஆறடி ஓரங்குலம். நான் ஐந்தடி மூன்றங்குலம். சந்தைக்குச் சின்ன வெங்காயம் ஏற்றிப்போகிற பிக்கப் ஓட்டுகிறேன். எங்கள் வீடு என் உயரத்து ஆட்கள் கட்டியது. அடுப்படி நிலையில் குனிந்து, குளியலறை நிலையில் இன்னும் குனிந்து, மின்விசிறிக்குப் பக்கவாட்டில் சாய்ந்துதான் அவள் நடமாடுவாள். பஸ்ஸிலும் அப்படித்தான். மைதானத்தில் மட்டும்தான் நேராக இருப்பாள்.

கோடை விடுமுறை வந்தது. ஒரு மாதம் வண்டியிலேயே ஊர் ஊராகப் போகலாம் என்று முடிவு செய்தோம். அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

“நிமிந்து நின்னு தலை சீவணும். அவ்வளவுதாங்க.”

உயரமான அறையை நிரந்தரமாகவே கட்டிவிடலாம் என்றால், எங்கள் ஊர் ரயில்வே பாலத்துக்கு அடியில் வண்டி நுழையாது. காற்றும் ஆளைத் தள்ளுகிற காற்று. ஓடும்போது தாழ்ந்தும் நிற்கும்போது உயர்ந்தும் இருக்கிற அறைதான் சரி.

கடை, தென்காசியிலிருந்து கிழக்கே போகிற சாலையில், பெரிய தகரக் கொட்டகை. கடைக்காரர் ஜெபசிங் வண்டியைச் சுற்றி வந்தார். டேப்பை விரித்துத் தொட்டியை அளந்தார். பின் கதவைக் கழற்றிவிட வேண்டும், நான்கு மூலையிலும் கொக்கி போட வேண்டும், வெங்காய மூட்டையைத் தாங்கிய ஸ்பிரிங் பட்டைகள் இதையும் தாங்கும் என்றார். பிறகு மரகதத்தை அண்ணாந்து பார்த்து, அவளையும் அளந்து எழுதிக்கொண்டார்.

“வாங்க மதினி. வாங்க அண்ணாச்சி. ஒவ்வொண்ணா பாத்துருவோம்.”

முதல் அறை நீல நிறம். பொய்க்கு உயர்வது. நல்ல கேன்வாஸ், கொசுவலை வைத்த ஜன்னல், டிரைவர் தலைக்கு மேலே இழுத்துப் போடுகிற கட்டில், ஒற்றை பர்னர் அடுப்பு. ஜெபசிங் உள்ளே ஏறி, “நான் பட்டாளத்துல இருந்தவன்” என்றார். கூரை ஒரு விரற்கடை எழும்பியது. “என் மாமியாருக்கு என்னைக் கண்டா உசிரு” என்றார். ஒரு முழம் எழும்பியது.

அவர் இறங்கியதும் கூரை தாழ்ந்துவிட்டது. நாங்கள் ஏறினோம். மரகதத்துக்குப் பொய் வராது. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு என்னைப் பார்த்தாள். ஏதாவது பேசிவைப்போம் என்று, “நீ வைக்கிற ரசம் எனக்கு ரொம்பப் பிடிக்கும்” என்றேன்.

கூரை இரண்டு சாண் எழும்பியது.

மரகதம் கூரையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். குனிந்து இறங்கிப் போய்விட்டாள்.

இரண்டாவது, புகழ்ச்சிக்கு உயர்வது. சொன்னதையே திரும்பச் சொன்னால் ஏற்காது. சுரண்டையிலிருந்து புதிதாகக் கல்யாணமான இருவர் வாங்கிப்போய், நான்காம் நாள் கொண்டுவந்து விட்டுவிட்டார்களாம். “சொல்ல வேண்டியதெல்லாம் தீந்துபோச்சுன்னாங்க” என்றார் ஜெபசிங். மூன்றாவது, வாய்ப்பாடு சொன்னால் உயர்வது. ஓய்வுபெற்ற வாத்தியார்கள் விரும்பி எடுப்பார்கள், பதினாறாம் வாய்ப்பாட்டோடு நின்றுவிடும். நான்காவது சண்டைக்கு உயர்வது. அதில் அண்ணன் தம்பி இருவர் ஏறி அரை மணி நேரமாகச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். அதன் கூரை கொட்டகைத் தகரத்தை முட்டிக்கொண்டு நின்றது. அதிகம் விற்பது அதுதான், பத்து வருட உத்தரவாதமும் உண்டு என்றார் ஜெபசிங். நாங்கள் ஏறவில்லை.

மரகதம் எங்களுக்கு முன்னால் நடந்தாள். கொட்டகை முடிகிற இடத்தில் ஓர் அறை தனியாக இருந்தது. பச்சைக் கேன்வாஸ், மேலே தூசி.

“இது எதுக்கு உயரும்?” என்று கேட்டேன்.

“தெரியல அண்ணாச்சி. காயிதம் இல்லாம வந்துட்டு. ரெண்டு வருசமா எல்லாம் பேசிப் பாத்தாச்சு. ஜெபம் பண்ணிப் பாத்தேன், ரேடியோ செய்தி மாதிரி வாசிச்சுப் பாத்தேன், ஏசிப் பாத்தேன். ஒரு நூலு எழும்பல. கோழி அடைக்கக் கேட்டாங்க, குடுத்துரலாம்னு இருக்கேன்.”

மரகதம் அதில் ஏறினாள். நிற்க முடியாது, தவழ்ந்து போய்க் கட்டில் ஓரத்தில் தலையைச் சாய்த்து உட்கார்ந்தாள். நானும் ஏறி எதிரே உட்கார்ந்தேன். எனக்கே தலை தட்டியது. உள்ளே புதுத் துணி வாசனை. பாத்திரம் கழுவுகிற தொட்டி ஒரு கை அகலம். அதற்குக் கீழே தண்ணீர்க் கேன் வைக்க இடம். எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

“ரசம் பிடிக்காதுன்னா, என்னதாங்க பிடிக்கும் உங்களுக்கு?” என்றாள்.

கூரை அசைந்தது. நான்கு மூலையிலும் ஒரே அளவாக, ஒரு சாண் மேலே போய் நின்றது. நின்றாலும் லேசாக நடுங்கிக்கொண்டிருந்தது.

“எலுமிச்சம்பழச் சோறு. ஆறினது” என்றேன்.

மூலையில் ‘டக்’ என்று ஒரு சத்தம். நடுக்கம் நின்றது. கூரை பூட்டிக்கொண்டுவிட்டது.

வெளியே ஜெபசிங் சாக்குக்கட்டியை எடுத்து அறையின் பக்கவாட்டில் ‘கேள்வி’ என்று சொல்லிக்கொண்டே எழுதுவது கேட்டது. பிறகு தலையை உள்ளே நீட்டினார். “நானும் ரெண்டு வருசமா இதுக்குள்ள உக்காந்து கேள்வி கேட்டுக்கிட்டுதான் இருந்தேன். வாரவங்ககிட்ட, எடுத்துக்கிடுதியளான்னு. எழும்பலியே.”

“அதுக்குப் பதில் உங்களுக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கும்” என்றாள் மரகதம். அவர் ஆமாம் என்று ஒத்துக்கொண்டு டீ சொல்லப் போனார்.

நான் கேட்டேன்: “ராத்திரி தூக்கத்துல எண்ணுதியே, எதை எண்ணுதே?” ஒரு முழம் எழும்பியது. போட்டிக்குக் கூட்டிப்போகிற பிள்ளைகள் எல்லாரும் பஸ்ஸில் ஏறினார்களா என்று எண்ணுகிறாளாம். இருபத்திரண்டு பேர், கனவில் எப்போதும் ஒரு பிள்ளை கூடுதலாக இருக்குமாம். டக். அவள் கேட்டாள்: வெங்காயம் ஏற்றிக்கொண்டு தனியாகப் போகும்போது நான் என்ன பேசிக்கொள்வேன்? எதிரே வருகிற லாரிகளுக்குப் பெயர் வைப்பேன் என்றேன். டக். நான் அவளுக்குக் கடலில் நீந்தத் தெரியுமா என்று கேட்டேன். தெரியுமாம். பதினோரு வருடமாக என் பக்கத்தில் நீச்சல் தெரிந்த ஒருத்தி படுத்திருந்திருக்கிறாள். எனக்குச் சிரிப்பு வந்தது. அவளுக்கும் வந்தது. சிரிப்புக்கு இந்த அறை எதுவும் செய்வதில்லை, ஆனாலும் சிரித்தோம்.

இப்போது நான் தாராளமாக நின்றேன். மரகதமும் எழுந்தாள். கழுத்தை மட்டும் வளைத்து நிற்க வேண்டியிருந்தது. ஜெபசிங்கின் டேப்பை வாங்கி நீட்டிப் பார்த்தேன்: ஐந்தடி ஒன்பதங்குலம்.

அதற்கு மேல் எனக்குக் கேட்கத் தெரியவில்லை. பிடித்த நிறம் கேட்டேன். அது எனக்குத் தெரிந்ததுதான், கூரை அசையவில்லை. அவளும் என் அக்காளைப் பற்றி ஏதோ கேட்டுப் பார்த்தாள். ஒரு நூல் உயர்ந்தது. டீ வந்து ஆறிக்கொண்டிருந்தது. நாலு அங்குலம்தானே, வாழ்க்கை முழுவதும் ஒரு அடி குனிந்தவளுக்கு இது ஒன்றும் பெரிதில்லை, எடுத்துக்கொள்ளலாமா என்று நான் சொல்ல வாயெடுத்தேன்.

அவள் தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டாள்.

“நான் இவ்வளவு உயரமா இருக்கது, உங்களுக்குக் கஷ்டமா இருந்துச்சா?”

கூரை சட்டென்று மேலே போனது. இதுவரை இல்லாத வேகம். கேன்வாஸ் விறைத்து, ஜன்னல் மடிப்புகள் பிரிந்து, வெளி வெளிச்சம் நான்கு பக்கமும் உள்ளே விழுந்தது. மேலே நின்று அது நடுங்கியது. அவள் நிமிரவில்லை. பூட்டு விழுகிற சத்தத்துக்குக் காத்திருந்தாள்.

“ஒரு தடவை இருந்துச்சு” என்றேன். “மாலை மாத்தும்போது நீ எனக்காகக் குனிஞ்சே. எல்லாரும் பாத்துக்கிட்டு இருந்தாங்க. நான் ஒரு ஸ்டூல் கொண்டு வந்திருக்கணும்னு தோணிச்சு. இப்பவும் எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் தோணும்.”

டக், டக், டக், டக்.

மரகதம் மெல்ல நிமிர்ந்தாள். முதலில் தோள், பிறகு கழுத்து, கடைசியாக முகம். உச்சந்தலைக்கு மேலே இன்னும் இரண்டு விரல் இடம் இருந்தது. கையை உயர்த்திக் கூரையைத் தடவிப் பார்த்தாள். கைப்பையிலிருந்து சீப்பை எடுத்தாள். கொண்டையை அவிழ்த்து, கீழே நின்ற ஜெபசிங், டீ கொண்டுவந்தவர், சண்டையை நிறுத்திவிட்டு வந்த அண்ணன் தம்பி எல்லோரும் பார்த்திருக்க, அவசரமே இல்லாமல் தலை சீவினாள். நான் தரையில் உட்கார்ந்து அண்ணாந்து பார்த்தேன். அவள் தாடைக்கு அடியில் ஒரு மச்சம் இருந்தது.

“இதையே போட்டுருங்க” என்றேன்.

சாயங்காலத்துக்குள் பின் கதவைக் கழற்றிக் கொக்கி போட்டுவிட்டார்கள். மறுநாள் காலை தண்ணீர்க் கேன், பாய், ஒரு பை எலுமிச்சம்பழம் எல்லாம் ஏற்றிக்கொண்டு கடல் பக்கம் புறப்பட்டோம். அறையைத் தாழ்த்தியிருந்ததால் ரயில்வே பாலத்தில் இடிக்கவில்லை. திருநெல்வேலி தாண்டும்போது வெயில் ஏறிவிட்டது.

கொஞ்ச தூரத்தில், கண்ணாடியில் பார்த்தபோது, பின்னால் ஒரு குளம் வந்துகொண்டிருந்தது. வெயில் ஏறினால் எங்கள் பக்கத்துக் குளங்கள் இப்படிக் கிளம்பிவிடும்; இது நடுத்தரக் குளம். தாமரை இலையோடு, இரண்டு நாரையோடு, கழுத்து வரை முங்கிப் படுத்திருந்த ஓர் எருமையோடு, சாலையை அடைத்துக்கொண்டு சீரான வேகத்தில் வந்தது. நான் இடது பக்கம் ஒதுங்கிக் கையைக் காட்டினேன். குளம் எங்களை முந்திச் சென்றது. மரகதம் எட்டி என் பக்கத்து ஜன்னல் வழியே கையை விட்டுத் தண்ணீரை அளைந்தாள். எருமை காதை ஆட்டியது.

“அதுவும் கடலுக்குத்தான் போகுது போல” என்றாள்.

குளத்துத் தண்ணீர் கண்ணாடியில் தெறித்ததால், நான் வைப்பரைப் போட்டுக்கொண்டு அதன் பின்னாலேயே ஓட்டினேன்.