ராசியில்லாத அப்பாவுக்கு ஒரு டிக்கெட்

எங்கள் சந்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், டீக்கடை தாமின் வாய்க்கு எதிரே நின்று ஜெயித்தவர் கிடையாது என்று. அந்தத் தாம் நான்தான், அதில் எனக்கு வருத்தம் ஒன்றுமில்லை. வியட்நாமில், அதுவும் ஹாய்ஃபோங்கில் பிறந்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு ஐஸ் டீ விற்க முடியுமா? துறைமுகத்துக் கூலியிலிருந்து மீன்காரி வரை வந்து உட்காரும் கடை. பதிலுக்குப் பதில் கொடுக்காவிட்டால் டம்ளரைக்கூட விட்டுவைக்க மாட்டார்கள்.

சந்து முனையில் மோட்டார் சைக்கிள் பழுது பார்க்கும் லுவான் அண்ணன் மட்டும் விதிவிலக்கு. அதிர்ந்து பேசமாட்டார். தங்கமான மனுஷர். ஒரே ஒரு குறை, ராசி கிடையாது. எங்கள் ஊரில் அதை 'வீயா கனம்' என்போம், ஆளோடு வருகிற காற்று கனம் என்று அர்த்தம். சிலர் வந்தால் கூடவே ஒரு நல்ல காற்று வரும். இவர் வந்தால் வருகிற காற்றும் நின்றுவிடும். காலையில் இவர் முதல் போணி பண்ணினால் அன்றைக்கு வியாபாரம் படுத்துவிடும் என்று கடைக்காரர்கள் எல்லாரும் நடுங்குவார்கள். அவர் நகர்ந்ததும் ஒரு காகிதத்தைக் கொளுத்திக் கடையைச் சுற்றிக் காட்டித் தீட்டுக் கழிப்போம். இது அவருக்கும் தெரியும். அதனால் எதிர்ச் சுவரோரம் நின்று, யாராவது ஒருவர் டீ வாங்கிய பிறகுதான் வந்து ஸ்டூலை இழுப்பார். கோபித்துக்கொண்டதே இல்லை.

கால்பந்து என்று வந்துவிட்டால் அந்த ராசி இன்னும் மோசம். ஆண்கள் அணி அரையிறுதி ஆடியபோது எங்களோடு உட்கார்ந்து பார்த்தார், கடைசி நிமிஷத்தில் கோல் வாங்கித் தோற்றோம். இன்னொரு தடவை அவர் சிறுநீர் கழிக்கப் போன நேரத்தில் நாங்கள் ஒரு கோல் போட்டோம், திரும்பி வந்து உட்கார்ந்தார், எதிராளி சமன் செய்துவிட்டான். அத்தோடு முடிதிருத்துகிற கியெம், அவன்தான் எங்கள் சந்துத் தலைவன், தீர்ப்புச் சொல்லிவிட்டான். வியட்நாம் ஆடும் நாட்களில் லுவான் அண்ணன் ஆற்றங்கரைக்கு மீன் பிடிக்கப் போய்விட வேண்டும். அவரும் தூண்டிலை எடுத்துக்கொண்டு போய்விடுவார்.

இதில் கொடுமை என்னவென்றால், அவருடைய சொந்த மகள் மியென் நாட்டுக்காக ஆடுகிறவள். பெண்கள் அணியில் இடது பக்கத் தடுப்பு அவள்தான். தாய் போன பிறகு ஆயில் டின்களுக்கு நடுவே இந்த மனுஷர் ஒண்டியாக வளர்த்த பெண். அவள் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது ஒரு இறுதி ஆட்டத்தைப் பார்க்கப் போனார். அன்றைக்கு அவள் தன் பக்கமே கோல் போட்டுக்கொண்டாள். அதற்கப்புறம் அவள் ஆடி அவர் பார்த்ததே இல்லை. டிவியில்கூடப் பார்க்கமாட்டார். ஆட்டம் முடிந்து நாங்கள் சொன்னால்தான் உண்டு. அவள் அனுப்பும் டிக்கெட்டெல்லாம் சந்தில் எங்களுக்குத்தான் வந்து சேரும்.

இந்தத் தடவை தென்கிழக்காசியப் பெண்கள் கோப்பை எங்கள் ஊரிலேயே நடந்தது. அரங்கத்துக்கு நடந்தே போய்விடலாம், கூட்டம் கத்தினால் என் கடை டம்ளர்கள் ஆடும். இறுதி ஆட்டம் தாய்லாந்தோடு. இரண்டு நாளைக்கு முன்னால் மியென் அப்பாவுக்குப் போன் பண்ணினாள். அவர் கையெல்லாம் கிரீஸ், அதனால் ஸ்பீக்கரைப் போட்டு நான்தான் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"அப்பா, என் முட்டி இதுக்கு மேல தாங்காது. இதான் கடைசி. இதுக்கப்புறம் நீங்க பாக்கணும்னு நினைச்சாலும் நான் ஆடமாட்டேன். வந்துடுங்க."

அவர் உம் என்றார். அவ்வளவுதான். ஆனால் மறுநாள் அவர் கடையில் ஒரு புதுச் சிவப்புச் சட்டை இஸ்திரி போட்டுத் தொங்கியது, நெஞ்சில் மஞ்சள் நட்சத்திரத்தோடு.

அந்தச் சட்டையைப் பார்த்ததும் சந்துக்கே காய்ச்சல் வந்துவிட்டது. கியெம் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டுக் கூட்டம் கூட்டினான். இவரை எப்படியாவது தடுக்க வேண்டும், ஆனால் யார் போய்ச் சொல்வது? எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். வாய் உள்ளவள் நான்தானே. போனேன். போய்ச் சொன்னேன்.

"அண்ணே, நான் ஒண்ணும் புதுசாச் சொல்லப்போறதில்ல, உங்களுக்கே தெரியும். கடைசி ஆட்டத்துல பொண்ணு கப்போட வீட்டுக்கு வரணுமா, வேணாமா?"

அவர் கொஞ்ச நேரம் சட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு, மியென் அனுப்பியிருந்த டிக்கெட்டை எடுத்து நீட்டினார். நாற்காலி காலியாக இருந்தால் பிள்ளை மனசு விட்டுப்போகும், நீயே போய் உட்காரு தங்கச்சி என்றார். தொங்கிய சட்டையையும் எடுத்துக் கொடுத்தார். நானும் வெட்கமில்லாமல் வாங்கி, ஆட்டத்தன்று போட்டுக்கொண்டு கிளம்பினேன். சந்து முழுக்க என் முதுகில் தட்டி அனுப்பியது.

நாற்காலி கம்பிவேலியை ஒட்டி, முதல் வரிசையில் இருந்தது. பக்கத்தில் ஒரு அம்மாள் அடிப்பதற்கென்றே வீட்டிலிருந்து குக்கர் மூடியைக் கொண்டுவந்திருந்தாள். தேசிய கீதம் முடிந்ததும் மியெனின் கண்கள் வேலியோரமாக ஓடி வந்தன. நேராக என் மேல் வந்து நின்றன. நான் இரண்டு கையையும் தூக்கி ஆட்டினேன். அவள் என் இடப்பக்கம் பார்த்தாள், வலப்பக்கம் பார்த்தாள், எனக்குப் பின்னாலும் பார்த்தாள். அப்புறம் குனிந்து காலுறையை இழுத்துவிட்டுக்கொண்டு போய்விட்டாள். தூக்கிய கையை எங்கே வைப்பதென்று எனக்குத் தெரியவில்லை.

ஆட்டம் தொடங்கியது. மியென் அங்கேதான் இருந்தாள், ஆனால் இல்லை. குதிரைவால் போட்ட ஒரு சின்னப் பெண், தாய்லாந்துக்காரி, சந்தைக்குப் போவது போல அவள் பக்கமாகவே போய் வந்துகொண்டிருந்தாள். மூன்றாவது தடவை போனபோது கோல். பக்கத்து அம்மாள் குக்கர் மூடியால் என் முட்டியில் ஒன்று போட்டாள்.

முட்டியைத் தடவிக்கொண்டே யோசித்தேன். ராசியில்லாதவர் ஆற்றங்கரையில் இருக்கிறார். இருந்தும் கோல் வாங்கியிருக்கிறோம். அப்படியானால் இந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பது யார்? நான். நியாயப்படி யாருடைய காற்று கனம்? எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. கியெம் மேல், குதிரைவால் மேல், எல்லாவற்றுக்கும் மேலாக என் வாயின் மேல். அந்தப் பெண் தேடியது அப்பாவை. அந்த இடத்தில் நான் உட்கார்ந்துகொண்டு கையை ஆட்டியிருக்கிறேன்.

இடைவேளை விட்டதும் வெளியே ஓடினேன். வெளியே போனால் திரும்ப விடமாட்டேன் என்றான் வாசல் காவலாளி. நான் வரல தம்பி, சீட்டுக்கு உரியவர் வருவார் என்று சொல்லிவிட்டு, அவன் வாயைத் திறப்பதற்குள் தாண்டிப் போய் லுவான் அண்ணனுக்குப் போன் அடித்தேன்.

மணி பக்கத்திலேயே அடித்தது. அரங்கச் சுவரை ஒட்டி ஒரு கார ரொட்டி வண்டி நின்றது. அதன் பின்னால், சுவரில் முதுகைச் சாய்த்து, சாலையைப் பார்த்தபடி குந்தியிருந்தார் மனுஷர். தூண்டிலும் பக்கத்திலேயே கிடந்தது. என்னைப் பார்த்ததும் திருடி மாட்டிக்கொண்டவர் போல எழுந்தார்.

"பாக்கலம்மா. சத்தம் மட்டும்தான் கேட்டேன். அந்தப் பக்கம் திரும்பித்தான் உக்காந்திருந்தேன்."

ரொட்டிக்காரிதான் மீதியைச் சொன்னாள். இந்த ஊரில் பெண்கள் ஆட்டம் எது நடந்தாலும் இவர் வந்துவிடுவாராம். ஒரு ரொட்டி வாங்கிக்கொண்டு, சுவருக்கு முதுகைக் காட்டி, கடைசி விசில் வரைக்கும் உட்கார்ந்திருப்பாராம். எனக்கு அழுகை வந்துவிட்டது. நடுத்தெருவில், அவருடைய சட்டையைப் போட்டுக்கொண்டு, மூக்கை உறிஞ்சிக்கொண்டு நின்றேன்.

எழுந்து உள்ளே போங்கள் என்றேன். மாட்டேன் என்றார். ஒன்றோடு நிற்கிறது, நான் போனால் நாலாகும் என்றார். நீங்கள் இல்லாமலேதானே அந்த ஒன்றே விழுந்தது, உட்கார்ந்திருந்தது நான்தானே என்று கத்தினேன். கடைசியில், அப்படியானால் நீயே தீட்டைக் கழித்துவிடு, கழித்தால் போகிறேன் என்றார்.

ரொட்டி சுற்றும் பழைய செய்தித்தாளை வாங்கி, வாசலோரமாகவே கொளுத்திவிட்டேன். நெருப்பைப் பார்த்துக் காவலாளி ஓடி வந்தான். இங்கே கொளுத்தக் கூடாது, அணை என்று குதித்தான். தம்பி, இவர் மியெனுடைய அப்பா என்றேன். அவன் குதிப்பதை நிறுத்திவிட்டான்.

"மியென் அப்பாவா? அந்த... ராசி..."

எங்கள் சந்துச் செய்தி ஊர் முழுக்கப் போயிருக்கிறது, பாருங்கள். அவன் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தான். ரொட்டிக்காரியிடம் இன்னும் இரண்டு தாளை உருவிக்கொண்டு வந்து என் கையில் திணித்தான்.

"ஒரு தாள் எங்கக்கா பத்தும் இவருக்கு? நல்லா சுத்துங்க. முதுகுப் பக்கத்தை விட்டுட்டீங்க பாருங்க."

சுற்றினேன். தலையிலிருந்து கால்வரை சுற்றினேன், புருவத்தில் நாலு முடி கருகியது. நெருப்பைத் தாண்டச் சொன்னேன், தாண்டினார். மேலே போட்டிருந்த சட்டையைக் கழற்றி அவருக்கு மாட்டிவிட்டு, டிக்கெட்டைக் கையில் வைத்து, முதுகில் கையை வைத்துத் தள்ளினேன். காவலாளி மரியாதையாக ஒதுங்கி வழிவிட்டான்.

இரண்டாம் பாதியை நான் ரொட்டி வண்டியிலிருந்துதான் பார்த்தேன். ரொட்டிக்காரி தன் கைப்பேசியை மிளகாய்ச் சாறு பாட்டிலில் சாய்த்து வைத்திருந்தாள். அந்தப் படம் ஆட்டத்துக்குக் கொஞ்சம் பின்னால்தான் வரும். சுவருக்கு அந்தப் பக்கம் நடப்பது சத்தமாக முதலில் வந்துவிடும், படம் ஆடி அசைந்து வரும். திடீரென்று சுவரே இடிந்து விழுகிற மாதிரி ஒரு கூச்சல். படத்தில் பந்து இன்னும் எங்கள் கோல்காரியின் கையில் இருக்கிறது. யார் போட்டது, எப்படிப் போட்டது என்று தெரியாமலே நாங்கள் இரண்டு பேரும் கட்டிக்கொண்டு குதித்தோம். அப்புறம்தான் பார்த்தோம். மியென் இடது ஓரமாகக் குதிரைவாலைத் தாண்டிப் பறந்து போய்ப் பந்தைத் தூக்கிப் போடுகிறாள், நடுவில் நின்றவள் தலையால் முட்டித் தள்ளுகிறாள். அது முதல் பாதியில் ஆடிய மியென் இல்லை.

உடனே கியெமிடமிருந்து போன். டிவியில் உன்னைக் காணோமே, அந்த நாற்காலியில் யார் உட்கார்ந்திருக்கிறது என்று கேட்டான். உங்கப்பன் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன்.

ஒன்றுக்கு ஒன்று. கூடுதல் நேரத்திலும் அப்படியே. பெனால்டிக்கு வந்தது. இரண்டு பக்கமும் ஒருத்திகூடத் தவறவிடவில்லை. தாய்லாந்தின் கடைசிப் பந்தும் உள்ளே போய்விட்டது. எங்களுக்குக் கடைசியாக மியென். அவள் போட்டால்தான் ஆட்டம் நீளும்.

படத்தில் அவள் பந்தை எடுத்துக்கொண்டு நடந்து வந்துகொண்டிருந்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் ஈ ஆடவில்லை. அப்புறம், ஆயிரக்கணக்கான பேர் ஒரே நேரத்தில் மூச்சை விட்ட மாதிரி ஒரு நீளமான முனகல் வந்தது. எங்கோ ஒரு மூலையில் மட்டும் ஒரு மத்தளம் வெறிபிடித்து அடித்தது. அது தாய்லாந்துக்காரர்கள் உட்கார்ந்திருந்த மூலை.

படத்தில் மியென் இப்போதுதான் பந்தைக் கீழே வைத்தாள். முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிக்கொண்டாள். எனக்குத் தெரிந்துவிட்டது, அவளுக்கு இன்னும் தெரியாது. ரொட்டிக்காரி கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டாள்.

கதவைத் திறந்துவிட்டார்கள். கூட்டம் வெளியே வர, நான் எதிராக முட்டி மோதிக்கொண்டு உள்ளே போனேன். ஒன்றுமில்லாமல் சுவரோரம் உட்கார்ந்திருந்த மனுஷரை இழுத்துப் போய் உட்கார வைத்தவள் நான். இனி அவர் அந்தச் சுவருக்குக்கூட வரமாட்டார், ஊரும் விடாது. என்ன சொல்லித் தேற்றுவதென்றே தெரியாமல் போய் நின்றேன்.

அவர் வேலிக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். அந்தப் பக்கம் மியென் வந்துகொண்டிருந்தாள், கண்கள் வீங்கியிருந்தன.

"என்னாலதான்மா," என்றார் அவர். "நான் உள்ள வந்திருக்கக் கூடாது."

"பந்தை அடிச்சது என் காலுப்பா," என்றாள் மியென். "கோட்டை விட்டது நான். அதைத் தூக்கி உங்க ராசிக்குக் குடுக்கச் சொல்றீங்களா? குடுக்கமாட்டேன்."

அவள் சட்டைக் கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். பரீட்சை எழுதிவிட்டு வந்த பிள்ளை மாதிரி நின்றாள்.

"அதை விடுங்க. பாத்தீங்கல்ல? நான் எப்படி ஆடினேன்?"

சூப்பராக ஆடினாய் கண்ணே என்று சொல்லித் தொலைத்தால் என்ன? பெற்றவன் வேறு என்ன சொல்வான்? இந்த மனுஷர் வண்டிச் சத்தத்தைக் கேட்கிறவர் போலத் தலையைச் சாய்த்து யோசித்தார்.

"அடிக்கும்போது உடம்பு பின்னால சாயுது. அதான் பந்து கோல் கம்பிக்கு மேல போயிடுச்சு."

எனக்கு அவரை அங்கேயே கடித்துக் குதறலாம் போலிருந்தது. மியென் அவரையே பார்த்தாள். அப்புறம் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள், நெற்றியைக் கம்பியில் வைத்து, தோள் குலுங்கக் குலுங்க.

"இன்னும் சொல்லுங்கப்பா," என்றாள்.

அவர் சொல்ல ஆரம்பித்தார். அந்தக் குதிரைவால் பெண்ணுக்கு நீ ரொம்ப இடம் விடுகிறாய் என்றார். தூக்கிப் போட்டாயே ஒரு பந்து, அது பந்து, அதற்கு முந்தியது சரியில்லை என்றார். அந்த மனுஷர் இவ்வளவு பேசி நான் கேட்டதே கிடையாது. வெள்ளிப் பதக்கம் வாங்க ஒலிபெருக்கியில் கூப்பிட்டார்கள். மேடையில் தாய்லாந்துக்காரிகள் கோப்பைக்காகக் காத்துக்கொண்டு நின்றார்கள். இதோ வர்றேன் என்று கையைக் காட்டிவிட்டு மியென் அங்கேயே நின்றாள். அவர் இன்னும் இரண்டாம் பாதியின் பத்தாவது நிமிஷத்தைத் தாண்டவில்லை.