தாமரைக் காசின் கறுப்பு

தில்லைநாயகியின் நெற்றியில் அந்தத் தாமரைக் காசு சந்தனத்தில் ஒட்டிக்கொண்டு கிடக்கிறது, வலப்புற இதழோடு விளிம்பும் பிறையளவு குறைந்த பித்தளை இருபது பைசா, மனைவியின் சடலத்துக்குச் சொக்கநாதன் தம் கையாலேயே வைத்தது, அதே காசு சில மாதங்கள் கழித்து இப்போது திருச்சியில் ஒரு கல்யாண மண்டபத்து நாணயக் கண்காட்சியில், அவருடைய உருப்பெருக்கியின் கீழ், கறுத்துப்போய் இருக்கிறது, டபுள் எரர் சார், வெட்டும் எரரு, நெறமும் எரரு, மிண்ட்லருந்தே இப்படித்தான் வந்துச்சு என்கிறான் மேசைக்கு அப்பால் வியாபாரி காசிலிங்கம், அவர் வெட்டுக்கு நேரெதிர் விளிம்பைத் தேடுகிறார், அங்கே மங்கியிருந்தால் நாணயச்சாலையின் பிழை, கூராக இருந்தால் பின்னால் எவனோ அரத்தால் ராவியது, மங்கித்தான் இருக்கிறது, காசை வாங்கி வந்த அன்றும் மங்கித்தான் இருந்தது, வீட்டுக் கூடத்தில் மகன் பரணிதரன் தோளுக்குமேல் எட்டிப் பார்க்க, ஒரிஜினல்தான் என்று அவர் சொன்னதும், அப்ப நான் போறப்ப இதையே நெத்தியில வச்சு அனுப்புங்க, ஒங்க காசுப் பெட்டியிலருந்து ஒண்ணாவது எனக்குன்னு வரட்டும் என்று தில்லைநாயகி சிரிக்கிறாள், சிரித்த வாய்க்கு வாய்க்கரிசி போடுகிறார்கள், வெட்டு பிழைதான், கறுப்பு எதனுடையது, தீயினுடையதாக இருக்கட்டும் என்று அவர் வேண்டிக்கொள்கிறார், அப்படியானால் அவளோடு போய், சாம்பலில் கிடந்து, எவனோ பொறுக்கி விற்றது, அதில் குறையொன்றுமில்லை, ஆனால் தீயென்றால் உலோகம் கொப்புளித்திருக்கும், செதில் கட்டியிருக்கும், இதிலோ எழுத்துகள் ஒரே சீராக மெலிந்து, பரப்பெங்கும் ஊசிக்குத்துப் போலக் குழிகள், இது அமிலம் என்கிறார்.

காசிலிங்கம் கூச்சமில்லாமல் சிரிக்கிறான், ஒங்ககிட்ட நம்ம பருப்பு வேகாது போலயே, நாந்தான் ஆசிட்ல முக்குனேன் சார், வாங்குறப்ப தங்கமாட்டம் மினுமினுன்னு இருந்துச்சு, ஆனா வெட்டு ஒரிஜினல், கொண்டாந்த தம்பியோட அப்பாவே லென்ஸ் வச்சுப் பாத்துச் சொன்னாராம்ல, அவர் காதில் அது விழுகிறது, விழுந்துகொண்டே இருக்கிறது, அவர்கள் வழக்கத்தில் முகத்தை மூடும் கடைசி வறட்டியைக் கொள்ளி வைக்கும் மகன்தான் வைக்க வேண்டும், சுடுகாட்டில் பரணிதரன் அம்மாவின் முகத்தருகே வெகுநேரம் குனிந்திருக்கிறான், தோள் குலுங்குகிறது, அழட்டும் விடுங்கப்பா என்று சுற்றி நின்றவர்களை அவரே விலக்கி நிறுத்துகிறார், வறட்டிக்கு அடியில், தில்லைநாயகியின் நெற்றியில், சந்தனம் மட்டும் வட்டமாக, ஒரு பக்கம் பிறையளவு குறைந்து, ஈரம் காயாமலே எரியத் தொடங்குகிறது.