கருத்தக்கண்ணன் கேட்டு வாங்கிய கழிவு

மேலே பெரியாற்றில் அணை கட்டிக்கொண்டிருந்த வருசங்கள் அவை. கல் ஏற்றினவன், சுண்ணாம்பு சுமந்தவன் எல்லாம் கம்பெனி, காண்ட்ராக்ட் என்று பேசித் திரிந்தார்கள். மார்க்கையன்கோட்டைக் கருத்தக்கண்ணனுக்கும் அந்தக் காய்ச்சல் வந்தது. ஒரு கட்டுக் கீரைக்கு விலை பேசத் தெரியாத மனுசன் கம்பெனிக்காரன் ஆகப்போகிறானாம். கட்டின பாவத்துக்கு மொக்கம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள்.

அல்லிநகரத்து அமிர்தராஜ், தோல் பதனிடும் ஷாப்புக் குப்பையை வண்டியில் அள்ளித் தொலைவிலுள்ள பொட்டலில் கொட்டிவிட்டு வருகிறவன். தோலிலிருந்து வழித்த மயிர், சவ்வு, சுண்ணாம்புச் சேறு, எல்லாம் நாறும். ஷாப்புக்காரர்கள் கூலி கொடுத்தார்கள். வேலை பெருகி மாடு பற்றாமல் போகவே, மாடு போடுகிறவருக்கு லாபத்தில் பங்கு என்றான். கருத்தக்கண்ணன் பெண்டாட்டியிடம் ஒரு வார்த்தை கேளாமல் வீட்டு மாடுகளை ஓட்டிக்கொண்டு போய்விட்டான்.

போனவன் வாயை மூடிக்கொண்டு இருந்தானா? பேச்சோடு பேச்சாக, கழிவை வழக்கம்போலத் தானே பார்த்துக்கொள்வதாக அமிர்தராஜ் சொன்னான். வந்தது வினை. வெற்றிலை மண்டியில் கழிவு என்றால் தரகன் விலையில் பிடித்துக்கொள்கிற காசு. காலமெல்லாம் அதைக் கொடுத்தே வயிறெரிந்த கருத்தக்கண்ணன், இங்கேயும் ஒருத்தன் தன் தலையில் மிளகாய் அரைக்கிறான் என்று நினைத்துவிட்டான்.

"கழிவு முழுக்க எனக்குத்தான். ஒரு தூசி வெளியே போகப்படாது" என்று நாலு பேர் முன்னால் கையடித்து வாங்கினான்.

 எருவுக்குக் கேட்கிறார் போல என்று எண்ணிய அமிர்தராஜ், எங்கே கொண்டுவந்து சேர்க்க என்றான். காசு வீட்டுக்கு வந்தால் பங்காளிகள் கண் படும் அல்லவா? மொக்கம்மாளின் வெற்றிலைக் கொடிக்காலுக்குக் கொண்டுவரச் சொன்னான் அந்த மேதாவி.

அந்தக் கொடிக்கால் மொக்கம்மாளுக்குப் பிறந்த வீட்டில் கொடுத்தது. அவளுக்கென்று உலகத்தில் இருந்தது அது ஒன்றுதான். கிணற்றில் சுண்ணாம்பு இறங்கினால் வெற்றிலைக் கொடி அத்தனையும் அழுகிவிடும்.

வெள்ளிக்கிழமை காலையில் வண்டிகள் வந்தன. நாற்றம் அவற்றுக்கு முன்னாலேயே வந்துவிட்டது. ஊரே மூக்கைப் பொத்திக்கொண்டு பின்னால் வந்தது. அமிர்தராஜ் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, கிணற்று மேட்டில் தட்டவா என்று மரியாதையாகக் கேட்டான். நடந்ததை அவன் வாயாலேயே கேட்டறிந்த மொக்கம்மாளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அவள் படலைச் சாத்தி அதன் குறுக்கே நின்றாள்.

அந்த நேரம் பார்த்துத் தலைப்பாகையும் இடுப்பில் காலிப் பையுமாக வந்து சேர்ந்தான் கருத்தக்கண்ணன். வண்டியைப் பார்த்தான். முகம் வெளுத்தது. தப்பாக விளங்கிக்கொண்டேன் என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். பங்காளிகள் சுற்றி நிற்கிறார்களே! மீசையைத் தடவிக்கொண்டு, தெரிந்துதான் கேட்டேன், இது முதல் தரமான எரு என்றான். கீழே விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டாத வீரன்.

மொக்கம்மாள் அவனை மேலும் கீழும் பார்த்தாள். பத்து வருசக் குடித்தனத்தில் அவள் அப்படிப் பார்த்ததில்லை.

"மொதத் தர எருவ எங்கொடிக்காலுக்கு எதுக்கு வீணாக்கணும்? பங்குக்காரக அவுகதான. அவுக வீட்டு வாசல்ல தட்டுங்க. நான் இங்கன குடிசையிலயே இருந்துக்கிறேன்."

வண்டிகள் திரும்பின. மீசையைத் தடவியபடியே கருத்தக்கண்ணன் அவற்றின் பின்னால் நடந்தான். வாசல் நிறைந்து, நிலைப்படி வரைக்கும் சேறு ஏறியது. பங்காளிகள் தூர நின்று எருவின் அருமையை மெச்சினார்கள்.

எல்லாம் தட்டி முடிந்த பிறகும் அமிர்தராஜ் புறப்படவில்லை. வாக்குத் தவறாதவன். விளக்குமாற்றால் வண்டித் தட்டைச் சுத்தமாகக் கூட்டி, கடைசிக் கூடையைக் கருத்தக்கண்ணன் காலடியில் பவ்வியமாகக் கொட்டினான்.

"ஒரு தூசி வெளியே போகப்படாதுன்னு சொன்னீகள்ல ஐயா. அடுத்த வெள்ளிக்கு ரெண்டு வண்டி கூட வரும்."