கோரை நின்ற மூலை

செம்பூர்க் காலனியின் தோட்டக் கமிட்டித் தலைவர் வேங்கடசுப்ரமணியன், அன்று காலையும் தம் ரோஜாக்களுக்குக் குடை பிடித்துக்கொண்டிருந்தார். பம்பாய் மழை தலையில் விழுந்தால் பூனாவிலிருந்து வந்த செடி என்ன நினைத்துக்கொள்ளும் என்ற கவலை அவருக்கு. சாயங்காலம் தோட்டப் போட்டி. வெள்ளிக் கோப்பை வைக்கக் கூடத்தில் இடம்கூடப் பார்த்தாயிற்று.

ஒரே உறுத்தல், குளியலறைத் தண்ணீர் தேங்கும் பின்மூலை. அங்கே மனைவி வாலாம்பாள் கோரை வளர்த்திருந்தாள். டிராம்பே பக்கத்துச் சதுப்பிலிருந்து ஈரத்துணியில் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தது. இடுப்புயரம், முக்கோணத் தண்டு, உச்சியில் பழுப்புப் பூங்கொத்து. நாறிக் கிடந்த மூலையில் இப்போது தவளை குடியேறியிருந்தது; சிட்டுகள் வந்து ஊஞ்சலாடின.

"புல்லை வளர்த்து வெச்சிருக்கான்னு சிரிப்பா. பிடுங்கி எறி!"

"அது என்ன பண்ணித்து உங்களை? என் கையால மாட்டேன். வேணும்னா நீங்களே பிடுங்குங்கோ."

மண்வெட்டியோடு இறங்கினார். கோரை லேசில் விடவில்லை. வேரோடு வேர் கைகோத்து நின்றது. பாதி மூலை காலியாவதற்குள் தலைவருக்கு இடுப்பு விட்டது. மீதிக்கு முன்னால் வாலாம்பாள் போய் நின்றுகொண்டாள்.

மத்தியானம் மழை கொட்டியது. தோண்டிய பக்கம் மண் கரைந்தது. குளியலறைத் தண்ணீர் அந்த வழியே புறப்பட்டு, ரோஜாப் பாத்தியைச் சாய்த்துவிட்டு, சோப்பு நுரையோடு முன்வாசலுக்கு வந்து சேர்ந்தது.

சாயங்காலம் தோட்டங்களைப் பார்வையிட, கோப்பை கொடுக்கும் மளிகைக்கடை ஞானதுரை வேட்டியைத் தூக்கிப் பிடித்தபடி உள்ளே வந்தார்.

"என்ன சார்வாள், ரோசாவெல்லாம் நீச்சல் படிக்குதோ?" பின்பக்கம் போனவர் அப்படியே நின்றுவிட்டார். "ஏ அப்பா! கோரை நிக்குத பக்கம் ஒரு பிடி மண்ணு அசையலையே! இத யாரு வச்சது?"

"என் ஆத்துக்காரி."

வேங்கடசுப்ரமணியன் ஆயுசில் இவ்வளவு சுருக்கமாகப் பேசியதில்லை.

கோப்பை என்னவோ எதிர்வீட்டுக் குரோட்டன்ஸுக்குத்தான் போயிற்று. காட்டுச் செடிக்குப் பரிசில்லை என்று விதி எழுதியவரே தலைவர்தானே!

அவர், எறிந்த கோரைக் கொத்துகளைப் பொறுக்கிவந்து சேற்றில் மண்டியிட்டு நடத் தொடங்கினார்.

"கப்பு போயிடுத்தே?" என்றாள் வாலாம்பாள்.

"போகட்டும். ஊரார் கண்ணுக்காகத் தோட்டம் போட்டேன்; இந்த மண்ணுக்கு என்ன வேணும்னு கேக்கவே இல்லை. இங்கே பிறந்து, இந்தத் தண்ணியிலேயே நிக்கத் தெரிஞ்சதை மட்டமா நெனைச்சேன் பாரு, அதுதான் தப்பு. நம்ம மண்ணோடதை மதிக்கத் தெரியாதவனுக்குத் தோட்டம் எதுக்கு?"

"பிரசங்கம் அப்புறம் ஆகட்டும். இன்னும் கொஞ்சம் ஆழமா நடுங்கோ."